முதல் பாடத்தில் வெட்டிய பகுதி

பேச்சு வராத குழந்தையைக் கொண்டுவந்தால் ஜஸீலா உடனே பேச்சுக் கொடுக்க மாட்டாள். பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அது தன் பாட்டுக்கு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எதற்குத் திரும்புகிறது, எதற்குச் சிரிக்கிறது, வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறதா, பெற்ற உம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறதா என்று கவனிப்பாள். கோழிக்கோடு மாவூர் ரோட்டில் மருந்துக்கடை மாடியில் அவள் வேலை பார்த்த பேச்சுச் சிகிச்சை நிலையத்துக்கு வரும் தாய்மார்களுக்கு முதல் நாள் எரிச்சலாக இருக்கும். "சும்மா பாத்துட்டு இருக்கறதுக்கா ஃபீஸு?" என்று படியிறங்கும்போது முணுமுணுப்பார்கள். பிள்ளை வாய் திறந்த பிறகு அவர்களே நாத்தனாரையும் அண்டைவீட்டுக்காரியையும் கூட்டி வருவார்கள்.

கொரோனா வந்து நிலையத்தைப் பூட்டினார்கள். பாதியில் நின்ற பிள்ளைகளுக்காக அடுக்களையில் நின்று, ஃபோனை மிக்ஸியில் சாய்த்துவைத்து வீடியோவில் பாடம் எடுத்து அனுப்பினாள். குளிக்க வைக்கும்போது என்ன பேசுவது, சோறு ஊட்டும்போது எப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது என்பதெல்லாம் அதில் இருந்தது. பக்கத்து ஊர் கொண்டோட்டிக்கு அனுப்பியது ரியாத்துக்குப் போனது. அங்கிருந்து மஸ்கட், தோஹா. முகம் தெரியாத பெண்கள் 'டீச்சரே' என்று அழைத்து அழுதார்கள்.

துபாயில் விற்பனை வேலை போய் வீட்டில் முடங்கிக் கிடந்த அஷ்கருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மனைவியின் தொழிலை அதுவரை அவன் ஏறிட்டுப் பார்த்தவன் இல்லை.

"உன் தலையில இருக்கறத ஒருதரம் எடுத்து வச்சிட்டா போதும். நீ தூங்கும்போதும் அது பாடம் நடத்தும்" என்றான்.

அப்படித்தான் 'முதல் சொல்' என்ற ஆன்லைன் பாடம் பிறந்தது. அஷ்கர் திறமைசாலி, அதை ஜஸீலாவே சொல்வாள். நீண்ட பாடங்களைச் சின்னச் சின்னதாக நறுக்கியது அவன்தான். முதல் பாடத்தை இலவசமாக விட்டு, பேசத் தொடங்கிய பிள்ளைகளின் வீடியோவைக் கேட்டு வாங்கி விளம்பரமாகப் போட்டான். பெற்றோர் அனுப்பும் வீடியோக்களுக்குப் பதில் எழுத நாலு பெண்களை வேலைக்கு வைத்தான். வீட்டின் மேல்மாடி ஸ்டூடியோ ஆனது. ஜஸீலா நிலையத்து வேலையை விட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் அவளோடு படம் எடுத்துக்கொள்ள ஆள் காத்திருந்தது.

ஒரே ஒரு சண்டை வந்தது. முதல் பாடத்தின் தொடக்கத்தில் அவள் சொல்லியிருந்தாள்: "குழந்தைக்கு முறையா காது சோதனை பண்ணுங்க. அது முடியாம என் பாடத்த வாங்காதீங்க."

"ஜனங்க அந்த இடத்துலதான் வீடியோவ மூடிட்டுப் போறாங்க" என்றான் அஷ்கர். "கடைய தெறந்து வச்சிட்டு வாசல்ல நின்னு வராதேன்னு சொல்றியே!"

"இக்கா, காது கேக்காத புள்ளைக்கு இதெல்லாம் வீண்."

"அது எத்தன பேரு? காது கேக்கலன்னா பெத்தவளுக்குத் தெரியாதா?"

தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மட்டும் இன்னும் ஏழு பாடம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. கடைசியில் வரும் கேள்வி-பதில் பகுதியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டாள். முதல் பாடத்தில் அந்தப் பகுதியை வெட்டினார்கள். கேள்வி-பதிலில் சேர்ப்பது தள்ளிப்போய் அப்படியே நின்றுபோனது. விற்பனை ஏறியது.

இரண்டு வருஷம் போனபின் ஷம்னா என்றொரு பெண் மகளோடு அலுவலகத்துக்கு வந்தாள். ரியாத்தில் குடும்பம், ஊர் திரூர். கையில் ஒரு டப்பா அல்வா.

"டீச்சரோட பாடத்த ரெண்டுதரம் முடிச்சிட்டேன். ஒரு நாள் விட்டதில்ல. மின்ஹாவுக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு, இன்னும் உம்மான்னு கூப்பிடல. நான் எங்க தப்புப் பண்றேன்னு டீச்சர் பாத்துச் சொல்லணும்."

ஷம்னாவின் ஃபோனில் அவள் அனுப்பிய வீடியோக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அலுவலகத்துப் பெண்கள் எழுதிய பதில்: 'அருமை, விடாம செய்யுங்க.' ஜஸீலா ஒன்றைத் திறந்தாள். குழந்தையின் கண் உம்மாவின் வாயை விட்டு நகரவே இல்லை. அடுத்ததிலும் அப்படியே. ஒரு வீடியோவில் ஷம்னா திரும்பி நின்று கூப்பிடுகிறாள். மின்ஹா பொம்மையைத் தடவிக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

ஜஸீலா ஃபோனைக் கீழே வைத்தாள்.

"காது சோதனை பண்ணீங்களா?"

"எதுக்கு? கதவு அடிச்சா திரும்புவாளே. செண்ட மேளத்துக்கு ஆடுவா டீச்சர்!"

பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டியிருக்கிறது. மனிதர் பேச்சு எட்டவில்லை. மறுநாள் சோதனை அதையே சொன்னது. அறுவை சிகிச்சை செய்து காதுக்குக் கருவி வைக்கலாம் என்றார் டாக்டர். இதையே ரெண்டு வயதில் செய்திருந்தால் பேச்சு எளிதாக வந்திருக்கும், இனி எவ்வளவு வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். ஷம்னா அழவில்லை. "அவ கேக்காம இருந்தப்போ நான் அவள அடிச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜஸீலா வீட்டுக்கு வந்து பாடத்தை நிறுத்தச் சொன்னாள்.

"ஒரு புள்ளைக்காக எல்லாத்தையும் இழுத்து மூடுவியா?" என்று கத்தினான் அஷ்கர். "எத்தன புள்ளைங்க பேசியிருக்கு!"

"பேசின புள்ளைங்கள நமக்குத் தெரியும். பேசாததுங்க எங்க போச்சுன்னு தெரியுமா?"

அஷ்கர் விற்பனையை நிறுத்தவில்லை. ஜஸீலா, பெற்றோர்கள் அனுப்பிய பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். கண் வாயிலேயே நிற்கும் பிள்ளைகள் இன்னும் இருந்தார்கள். அந்த வீடுகளுக்கு அவளே ஃபோன் செய்தாள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர், "எம்புள்ள செவிடுன்னு சொல்ல நீ யாரு?" என்று திட்டி வைத்தார்கள். ஒரு தகப்பன் அவள் பேச்சைப் பதிவு செய்து ஊரெல்லாம் அனுப்பினான். அப்புறம் யாரும் வாங்கவில்லை. பதில் எழுதிய பெண்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அஷ்கர் மறுபடி துபாய்க்கு விமானம் ஏறினான். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மின்ஹாவுக்குக் கருவி பொருத்தியாயிற்று என்று கேள்விப்பட்டு ஜஸீலா திரூருக்குப் போனாள். ஷம்னா உட்காரச் சொன்னாள், சாயா கொண்டுவந்து வைத்தாள். உள்ளே குக்கர் விசில் அடித்ததும் குழந்தை வீறிட்டுக் கருவியைப் பிடுங்கி எறிந்தது. ஜஸீலா தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள்.

"வேணாம் டீச்சர். அவளுக்குப் பேச்சு சொல்லித்தர வேற ஆள் வர்றாங்க" என்று ஷம்னா குறுக்கே வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷம்னா கேட்டாள். "ஒன்னு மட்டும் கேக்கணும். காது சோதனை பத்தி மொத பாடத்துல ஏன் சொல்லல? டீச்சருக்குமா தெரியாது?"

"சொல்லியிருந்தேன். அப்புறம் வெட்டிட்டோம்."

"ஏன்?"

"அதக் கேட்டா வாங்காம போயிடறாங்கன்னு."

ஷம்னா குனிந்து கீழே கிடந்த கருவியை எடுத்தாள். பிறகு, "சாயா ஆறுது. குடிச்சிட்டு இறங்குங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது ஜஸீலா மஞ்சேரியில் ஒரு நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். புதிதாக வரும் தாய்மார்களில் யாராவது, "நீங்க அந்த ஃபோன்ல வர்ற டீச்சர்தானே?" என்று கேட்பதுண்டு. ஆமாம் என்பாள். திரூரிலிருந்து ஷம்னாவின் அழைப்பு இதுவரை வரவில்லை.