கம்பளத்துக்கு அடியில் தண்ணீர்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. நாலு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. ஐந்துக்கும் ஒரு குறை வைத்ததில்லை. படிப்புத்தான் எனக்கு வாய்க்கவில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் பார்த்து ஏறுவேன், அதற்கு மேல் எழுத்து என் பேச்சைக் கேட்காது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

நாங்கள் இருப்பது நெய்வேலி நகரியத்தில், சின்ன மகனுடைய குவார்ட்டர்ஸில். என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன சேதி அவருக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஷிப்ட் சங்கு ஊதினால் இப்போதும் சட்டையைத் தேடுவார்.

மகனும் மருமகளும் வெளியூர் போனால் எங்களைச் சென்னையில் பெரிய மகள் பிளாட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அங்கே ஜன்னலில் நின்றால் காக்காய்கூட நமக்குக் கீழே பறக்கும். போன கார்த்திகையில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. இந்த முறை நான் சென்னைக்குப் போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

"அஞ்சு பேர வளத்தவளுக்கு ரெண்டு நாள் வூட்டப் பாத்துக்கத் தெரியாதா?"

மருமகள் யோசித்தாள். "சரிங்க அத்தை. இந்தத் தடவ பாக்கலாம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் எப்பவும் சென்னைதான். இப்பவே சொல்லிட்டேன்."

சொல்லும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை. ஹாலில் கிடந்த கம்பளத்தைப் பார்த்தாள். அவள் தம்பி குவைத்திலிருந்து அனுப்பியது. நல்ல சிவப்பு, தாம்பாளம் தாம்பாளமாகப் பூ. அதன்மேல் நடப்பது விருந்தாளிகள் மட்டும். நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போவோம்.

அவர்கள் போன மறுநாள் காலை, கீரை வாங்க இருவரும் மார்க்கெட் போய்த் திரும்பினோம். கதவைத் திறந்தேன். எங்களை வரவேற்கத் தண்ணீர் வாசல்வரை வந்திருந்தது. அடுப்படிக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையை ஒரு தட்டு அடைத்துக்கொண்டிருந்தது. ஹாலில் கம்பளம் சோற்றில் ஊறிய அப்பளம்போலக் கிடந்தது.

"குழாயத் தொறந்தது யாருங்க?"

"நான்தான். தண்ணி வந்துச்சான்னு பாத்தேன். வரல."

"அப்புறம் மூட வேணாமா?"

"வராத தண்ணிக்கு எதுக்குடி மூடணும்?"

இந்த ஊர்க் குவார்ட்டர்ஸில் பாதி வீடு நனைவது இந்த நியாயத்தால்தான்.

நான் துணியை எடுத்துக் கம்பளத்தின் மேல்பக்கத்தை ஒற்றத் தொடங்கினேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "மேல தொடச்சி இன்னா புண்ணியம்? மைன்ஸ்ல கரி எங்க இருக்கு? தண்ணிக்கு மேல. அடித்தண்ணிய எடுக்காம மேல கை வெச்சா தரை பொளந்துக்கினு வரும்."

"இது மைன்ஸ் இல்லீங்க. வூடு."

"தண்ணிக்கு அது தெரியுமா?"

தெரியாதுதான். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் குளம். சரி என்று அவரையே மேஸ்திரியாக விட்டேன். அவர் உடனே ஷிப்ட் பிரித்தார். அவர் ஷிப்டில் டீ உண்டு. என் ஷிப்டில் அந்த டீயைப் போடும் வேலை உண்டு.

நான் பழைய நூல் புடவைகளை மடித்துக் கம்பளத்தின்மேல் விரித்து, அதன்மேல் ஏறி மிதித்தேன். புடவை குடித்த தண்ணீரை வாளியில் பிழிந்தேன். அவருக்குப் புடவை பிடிக்கவில்லை. "பாரம் போதும்" என்று வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு கம்பளத்திலேயே ஏறித் தண்ணீரை ஓரத்துக்கு மிதித்துத் தள்ளினார். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா தலை தெரிந்தது. திருநெல்வேலிக்காரி.

"என்ன மதினி, புள்ளைக ஊருக்குப் போனதும் ரெண்டு பேரும் ஆட்டம் போடுதிய?"

"காலு மரத்துப் போச்சும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

பிறகு வெளியே வேலியில் காயப்போடலாம் என்றார் அவர். நான் விடவில்லை. இந்த ஊரில் கொடியில் துணி போடுபவளுக்குத்தான் தெரியும், காய்வதற்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பல் எவ்வளவு வந்து படியும் என்று. இரண்டு கயிற்றுக் கட்டிலை ஹாலுக்கு இழுத்து, கம்பளத்தை அதன்மேல் மடிக்காமல் விரித்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டேன். கட்டிலுக்கு அடியில் மேசை விசிறி ஒன்று. மேலேயும் காற்று, கீழேயும் காற்று. நாங்கள் அடுப்படியில் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் கம்பளம் காய்ந்தது. ஆனால் மழையில் நனைந்த ஆட்டுப்பட்டி வாடை அடித்தது. சாம்பிராணி போடச் சொன்னார் அவர். ஆடும் சாம்பிராணியும் சேர்ந்தால் கோயில் பலி நாள்போல ஆகிவிடும் என்று, ஆப்ப சோடாவைத் தூவி, மதியம்வரை விட்டு, துடைப்பத்தால் தட்டியெடுத்தேன். வாடை போனது. பூவும் அப்படியே இருந்தது. கட்டிலை வெளியேற்றி, கம்பளத்தைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். மருமகள் ஹாலைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பார்வை அங்கே போய் நின்றது.

"மாமா, காலுக்கு மருதாணி வெச்சிக்கினீங்களா?"

உள்ளங்கால் இரண்டும் கல்யாணப் பெண்ணுக்குப் போலச் செக்கச்செவேல். நான் கம்பளத்தைப் பார்த்தேனே தவிர, அந்த மனுஷன் காலைப் பார்க்கவில்லை.

"பித்த வெடிப்பும்மா" என்றார்.

மகன் திரும்பிக்கொண்டு சிரித்தான். மருமகள் குனிந்து கம்பளத்தின் மூலையைப் புரட்டி, அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கையை முகர்ந்தாள். எனக்குச் சென்னை ஜன்னலும் காக்காயும் கண்முன் வந்து போயின.

"அடிகூட ஈரமில்ல" என்றாள். பிறகு, "டீ குடிக்கிறீங்களா அத்தை?" என்று உள்ளே போனாள்.

போன வாரம் மறுபடி ஊருக்குப் போனார்கள். எங்களைச் சென்னைக்கு அனுப்பவில்லை. ஆனால் மருமகள் குடம், வாளி, அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்து, வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, கம்பளத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினாள். அது அவருக்காகச் செய்தது. எனக்காக இல்லை.

ஏண்டி சிரிக்கிற? எழுதினத மொதல்லேருந்து படி. தாத்தா காதுலயும் வுழட்டும், சத்தமாப் படி.