பூரணம் டீச்சர் சொல்லிக்கொடுத்த மறுப்பு

சிராங்கூன் ரோட்டுச் சந்துப் பள்ளிக்கூடத்தில் பூரணம் டீச்சர் பிரம்பைத் தொடாமலே பிள்ளைகளை அடக்கி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஆபீஸ் கணக்கெழுத வந்த கிராணி ஒருவரின் விதவை. வாய்தான் கறார், மனசு அப்படியில்லை. அவர் வகுப்பில் யாரும் யாரையும் மறுத்துப் பேசலாம், டீச்சரையும்தான். ஒரே நிபந்தனை: எதிராளி சொன்னதை, அவர் பேரோடு, திரிக்காமல் முதலில் சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் ‘எனக்கு அப்படிப் படலை’.

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், அவர்களுடைய அதிகாரி ஒருவர், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசியோடு வகுப்புக்கு வந்தார். வெள்ளைக்காரன் திரும்பி வருவானா என்று கேட்டார். வரமாட்டான் என்று வகுப்பே கத்தியது. கமலா மட்டும் எழுந்து கைகட்டி நின்றாள்.

“எங்க பக்கத்துக் கடை அப்துல் முத்தலிப் மாமா, அவன் கண்டிப்பா வருவான்னு சொல்றாரு. ஊருக்கு அரிசி போட வக்கில்லாத ஜப்பான்காரன் எத்தனை நாளைக்கு ஆளுவான்னு கேக்குறாரு. எனக்கு அப்படிப் படலை.”

அதிகாரி சிரித்து அவள் தலையைத் தட்டினார். துபாசி, கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர்கள் போனதும், இதை யாரும் வெளியே பேசக்கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு டீச்சர் கடைக்கு ஓடினார். மாடியில் இருந்த முத்தலிப்பின் மனைவி சம்சுன்னிசா காதில் விழாதபடி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

“இப்பவே அக்கரைக்கு, ஜொகூர் பக்கம் போயிடுங்க.”

“சின்னப்புள்ள பேச்சுக்கா, டீச்சரம்மா?” முத்தலிப் மரவள்ளிக்கிழங்கை நிறுத்துக்கொண்டே சிரித்தார். “நான் ஓடினா, சொன்னது நெசம்னு ஆயிடும்லா. இவளை எங்க விட்டுட்டுப் போறது? நீங்க போய் பாடத்தப் பாருங்க.”

சாயங்காலம் லாரி வந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மய்யத்துகூட வீட்டுக்கு வரவில்லை.

சில வாரம் கழித்து சம்சுன்னிசா கடையைத் திறந்தாள். டீச்சர் துக்கம் கேட்கப் போனபோது கமலா உப்பு வாங்க நின்றிருந்தாள்.

“கடைக்குள்ள பேசின பேச்சு, டீச்சர். யாரு கொண்டுபோய்ச் சொன்னா? அது மட்டும் தெரிஞ்சா போதும் எனக்கு.”

கமலா வாயைத் திறந்தாள். டீச்சர் அவள் தோளை அழுத்திப் பிடித்தார்.

“நான்தான்.”

சம்சுன்னிசா தராசை எடுத்தாள். பிறகு கமலாவுக்கு உப்பை நிறுத்தாள், ஒரு பிடி கூடவே போட்டாள். டீச்சர் பக்கம் அதற்கப்புறம் திரும்பவேயில்லை.

தெருவில் இறங்கியதும் கமலா கேட்டாள், “மாமா எப்ப வருவாரு, டீச்சர்?”

“உப்பு சிந்துது பார். வீட்டுக்குப் போ.”