நில்லு என்றால் ஓடிய குதிரை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆம்பூரில் தோல் ஷெட், மாடி வீடு, எல்லாம் என் உழைப்பு. மகளின் ஆசைக்காக, கல்யாண வண்டி ஓட்டும் பாயிடம் ஒரு குதிரை வாங்கினேன். ஏறும்போது அது அசையாமலிருக்க நானே பழக்கினேன். "நில்லு" என்பேன், அசைந்தால் பெல்ட்டால் அடிப்பேன்.

ஒருநாள் மகள் ஏறியதும் குதிரை அசைந்தது. "நில்லு" என்றேன். அடிக்குப் பயந்து, அவளோடு பைபாஸை நோக்கிப் பாய்ந்தது. அங்கே லாரிகள். அலறினேன். வேகம் ஜாஸ்தியானது.

குதிரையைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற பாய் என் தோளை அழுத்தினார். "கத்தாத முதலாளி, உன் சத்தம்தான் அத்த தொரத்துது."

வாயை மூடினேன். உயிரே போனது. பாய், "பஸ், பஸ்" என்று கூப்பிட்டார். உருதுவில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தமாம். எனக்கோ பஸ் வருவதாகக் கேட்டது; கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சாலையோரம் குதிரை நின்றது.

மகளைக் காப்பாற்றியது பாய்தான் என்கிறது ஊர். அன்று வாயை மூடியவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.