மாதேஸ்வரி கொண்டுவந்த களி

கணவன் தங்கதுரைக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தபோது, விருதுநகர்ப் பக்கமிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு வந்தவள் ஜெயமணி. பாகலூரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடமோ தெலுங்கோதான். பன்முகத்தன்மை பற்றிய பாடத்தைப் புத்தகத்தோடு முடித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"நாளைக்கு எல்லாரும் வீட்டுச் சாப்பாடு கொண்டாங்க. வட்டமா உக்காந்து பகிர்ந்து சாப்பிடுவோம்" என்றாள்.

மறுநாள் வகுப்பு கலகலத்தது. 'சாப்பிடு' என்பதை மூன்று மொழியிலும் கூவினார்கள். சித்ரான்னமும் சப்பாத்தியும் கைமாறின. மாதேஸ்வரி களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். அவள் ஊர்க்கோடிக் காலனிப் பெண். அவள் டப்பாவை ஸ்ரீராம் அடுத்தவனிடம் தள்ளினான். அவன் அடுத்தவளிடம். வட்டம் சுற்றி, வைத்த களி வைத்தபடியே அவளிடம் திரும்பியது.

"மணியாச்சு, கை கழுவுங்க" என்றாள் ஜெயமணி.

அதன்பிறகு மாதேஸ்வரி பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் ஜெயமணி காலனிக்குப் போனாள். ரோஜாத் தோட்ட வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள் தாய் செல்லி.

"பசங்க அறியாம செஞ்சிட்டாங்கம்மா. நான் கண்டிக்கிறேன். பிள்ளைய அனுப்பும்மா."

"பசங்களச் சொல்லி என்னாங்க ஆவுது டீச்சரம்மா? அதுங்க வீட்ல பாக்கறத செய்யுதுங்க. 'டப்பா டீச்சர்கிட்டயும் போச்சும்மா, அவங்களும் எடுத்துக்கல'ன்னு எம்புள்ள சொல்லுது. நான் அதுக்கு என்னன்னு சொல்றது?"

களி பழக்கமில்லை என்றுதான் அன்று ஜெயமணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதே வட்டத்தில் ஊர்த்தெருப் பிள்ளை சௌமியா கொண்டுவந்த களியை வாங்கித் தின்றிருந்தாள்.

கதவோரம் மாதேஸ்வரி நின்றிருந்தாள்.

"டீச்சர் செஞ்சது தப்புதான் கண்ணு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மறுவாரம் செல்லி டி.சி. கேட்டு வந்தாள். சாமல்பட்டியில் தங்கை வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் போகிறாளாம்.

"அங்க மட்டும் எல்லாம் மாறியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள் ஜெயமணி.

"இருக்காதுங்க. ஆனா அங்க யாரும் ஆசை காட்டி வட்டத்துல உக்கார வெக்க மாட்டாங்க."

விலகும் காரணம் என்ற இடத்தில் ஜெயமணியின் பேனா நின்றது.

"பெற்றோர் விருப்பம்னு போடுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

அவள் அப்படியே எழுதினாள். செல்லி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள்.