வீரலட்சுமி என்ற தலைக்கட்டு

செய்தி வந்தபோது காலை மணி பத்து நாற்பது. திண்டுக்கல்லில் எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் உண்டு. சித்திரைக் காற்றில் அதன் பூ சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. போனில் யுவராணி அழவில்லை.

"சித்தி, எங்க அத்தை பூ எடுத்துட்டு வரப்புல உக்காந்துச்சு. எந்திரிக்கல" என்றாள்.

அவளுடைய அத்தை, அப்பாவின் தங்கை, வீரலட்சுமி. என் தோழி. கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் ஊரிலேயே எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. செம்பட்டிக்கு மேற்கே நாலு கிலோமீட்டர். கல்யாணமாகிப் போன முதல் வாரமே என் மாமியார் சொன்னார்: "அந்தப் புள்ள கூட ரொம்ப ஒட்டாத. அது ஒரு தினுசு."

அன்றைக்குப் பஸ்ஸில் எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. யாரோ ஒருத்தி மல்லிகை வைத்திருந்தாள். அந்த வாசனை முன்னே போக, பஸ் அதன் பின்னால் போவதுபோல இருந்தது. மேற்கே கொடைக்கானல் மலை வெயிலில் பாதி கரைந்து நின்றது. இதையெல்லாம் சாயங்காலம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் உறைத்தது.

வீரலட்சுமிக்கு ஐம்பத்து மூன்று வயது. அப்பா விட்டுப்போன நாற்பது சென்ட் மல்லிகைக் காடும், அதன் ஓரத்தில் ஓர் அறையும் மோட்டார் ரூமும் அவளுடையவை. மோட்டார் நின்றால் அவளே கழற்றிப் பார்ப்பாள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூ எடுப்பாள். எங்கள் மொட்டை மாடியிலிருந்து அந்த ஒற்றை வெளிச்சம் தெரியும். செடிக்குச் செடி நின்று நின்று நகரும். இருட்டுக்குள் யாரோ எதையோ வரி வரியாக வாசித்துக்கொண்டு போவதுபோல.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால் சிரிப்பாள். "வேணாம்னு யாருடி சொன்னா? வந்தவனுக எல்லாம் என்னையவா கேட்டானுக, கெணத்துல தண்ணி எம்புட்டுன்னுல்ல கேட்டானுக."

ஊரில் விசேஷம் என்றால் பெண்கள் எல்லாரும் சின்னாளப்பட்டியில் ஒரே நிறத்தில் சுங்குடிச் சேலை எடுத்துக் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. என் நாத்தனார் மகள் சடங்கிற்கு நாற்பது பேர் மயில்கழுத்து நிறம். வீரலட்சுமி மட்டும் பழைய மஞ்சளில் வந்து பந்தியில் சோறு பரிமாறினாள்.

"ஏன்டி, ஒனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சோம்ல" என்றேன்.

"அம்புட்டுப் பேரும் ஒண்ணாப் போய் நில்லுங்க. எந்த ஹாஸ்டலுன்னு கண்டக்டர் கேப்பான்."

யாருக்கும் கோபம் வரவில்லை. அவள் ஊரைவிட்டு ஒதுங்கியவளும் இல்லை. இழவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவாள். பிள்ளைபெற்ற வீட்டில் மூன்று நாள் தங்கித் துணி துவைப்பாள். ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கும் ஊருக்கும் ஒத்துப்போகவில்லை. அது தலைக்கட்டு.

எங்கள் ஊரில் கல்யாணமான ஓர் ஆணும் அவன் குடும்பமும் ஒரு தலைக்கட்டு. சித்திரைத் திருவிழாவுக்கு வரி அப்படித்தான் பிரிப்பார்கள். கோயில் முன்னால் பொங்கல் அடுப்புக்கு நம்பரும் அப்படித்தான். புருஷன் போனால் மகன் பேரில் அடக்கம். மகனில்லாதவள் அரை வரி. அவள் பானைக்கு வரிசையின் கடைசியில் இடம். கல்யாணமாகாத பெண் அண்ணன் வரியில் அடக்கம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் வீரலட்சுமி ஊர்க்கூட்டத்தில் எழுந்து, தன் வீட்டுக்குத் தன் பேரில் ஒரு நம்பர் வேண்டும் என்றாள்.

"ஒங்க அண்ணன் மலைச்சாமி கட்டுற வரியில நீயும் அடக்கந்தான தாயி" என்றார் ஊர்ப் பெரியவர் சோலைமுத்து.

"எங்க அண்ணன் சாப்ட்டா எனக்குப் பசி அடங்குதா மாமா?"

கூட்டம் சிரித்தது. நம்பர் கொடுக்கவில்லை. அந்த வருஷம் கோயில் முன்னால் எல்லா அடுப்பும் எரிந்த அதே நேரத்தில், தூரத்தில் மல்லிகைக் காட்டு வரப்பிலும் ஒரு புகை எழுந்தது. கோயிலைப் பார்த்து ஒற்றை அடுப்பு வைத்து அவள் பொங்கலிட்டாள். அடுத்த வருஷமும் வைத்தாள். ஏழாவது வருஷமோ எட்டாவது வருஷமோ, அரை வரிக்காரியான ஜக்கம்மாள் தன் பானையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனாள். பிறகு புருஷன் விட்டுப்போன மகேஸ்வரி. மூன்று புகை.

நான் வரிசையில் பதினேழாம் நம்பரில் நின்று அதைப் பார்ப்பேன். என் கணவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது பதினேழு என் மகன் பேரில். அவன் பெங்களூரில் இருக்கிறான். திருவிழாவுக்கு வருவதில்லை. அவனுக்குப் பதிலாக நான் பானை வைத்துவிட்டு வருகிறேன். இந்த வருஷம் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள், வீரலட்சுமியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நானும் ஒங்கூட வந்திரவாடி?"

"வாயேன். காடு என்ன கூடையா, ஆள் கொள்ளாமப் போக."

"எனக்கும் ஒரு அடுப்பு போட்டு வையி."

அவள் பூ கட்டுவதை நிறுத்தினாள். "நான் போட்டு வச்சா நீ என் வரியில அடக்கம்னு ஆயிரும் கௌசி. கல்ல நீயே பாத்துக் கொண்டா. இடம் வேணா காட்டுறேன்."

ஜக்கம்மாளுக்கும் மகேஸ்வரிக்கும் அதுதான் முறை என்று அப்போதுதான் தெரிந்தது. அவரவர் அடுப்பை அவரவர்தான் வைக்க வேண்டும். ஓடையில் தேடி இரண்டு கல் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாவது, அதே உயரத்தில் கிடைக்கவில்லை. போகிற வழியில் யாராவது பார்த்து மகனிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காப்புக் கட்டி மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். காப்புக் கட்டிய பிறகு ஒரு தலைக்கட்டு சாய்ந்தால் பொங்கலை எட்டு நாள் தள்ளிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். மற்றவர்கள் இறந்தால், எடுத்த மறுநாள் திருவிழா நடக்கும். வீரலட்சுமியை வீட்டுக்குள் கிடத்தியிருக்க, வெளியே வேப்பமரத்தடியில் ஊர் கூடியது.

"தள்ளணுமா, வேணாமா?" என்று கேட்டார் சோலைமுத்து. எல்லாரும் மலைச்சாமியைப் பார்த்தார்கள்.

மலைச்சாமி துண்டால் முகத்தை மூடியிருந்தார். துண்டை விலக்காமலே, "எனக்குள்ள அடக்கம்னு இருபது வருசமா நாந்தான சொன்னேன். இருக்கையில சொல்லாதத, செத்த பெறகு எந்த வாயால சொல்ல? நடத்துங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது.

அப்போது ஜக்கம்மாள் வாசல்படியிலிருந்து எழுந்தாள். "ஊர்ப் பொங்கல ஊர் வச்சுக்கங்க. எங்கள்ல ஒரு வீடு சாஞ்சிருக்கு. நாங்க எட்டு நாள் கழிச்சுத்தான் வைப்போம்."

"சாமி காரியத்துல இதென்ன தனிச் சட்டம்?" என்றது ஒரு குரல்.

"அத சாமி வந்து கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

சோலைமுத்து என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவுக, எடுத்துச் சொல்லுங்கம்மா. ஒங்க பதினேழு வரிசையிலதான இருக்கு?"

"அது என் மகன் நம்பர் மாமா. வந்தா அவன் வைப்பான்" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன்.

ஊர்ப் பொங்கல் நடந்தது. பதினேழாவது இடம் காலியாகக் கிடந்ததாகச் சொன்னார்கள். சாயங்காலம் மகன் போன் செய்து, "ஏம்மா, நமக்கெதுக்கு இதெல்லாம்" என்றான். தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காட்டுக்குப் போனேன். எடுக்க ஆளில்லாமல் பூவெல்லாம் செடியிலேயே மலர்ந்து கிடந்தது. மொட்டாகவே பார்த்துப் பழகிய காடு, அப்படி முழுவதும் வெள்ளையாக விரிந்து நான் பார்த்ததில்லை. நடந்தால் கலைந்துவிடும் என்பதுபோல ஓரமாகவே நடந்தேன். வரப்பில் வீரலட்சுமியுடைய அடுப்பும் ஜக்கம்மாளுடையதும் மகேஸ்வரியுடையதும் சாணம் மெழுகி ஆயத்தமாக இருந்தன. அவற்றை அடுத்து என் இரண்டு கல்.

பின்னாலேயே வந்த யுவராணி, "சித்தி, அத்தை அடுப்புல ஒரு கல்ல எடுத்துக்கங்களேன். சும்மாதான கெடக்கு" என்றாள்.

"அது அவ அடுப்பு, யுவா."

அவள் உதிர்ந்த பூவை மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஓடையில் இரண்டு முறை தேடிவிட்டு வந்தேன். என் அடுப்புக்கு மூன்றாவது கல் இன்னும் வைக்கவில்லை.