மூன்று தடவை கூப்பிட்டால்

எட்டு வயதில் நான் பத்துத் தடவை செத்துப்போனேன். எட்டுத் தடவை ஒத்திகையில், ஒரு தடவை ஊர்கூடிப் பார்க்க, கடைசித் தடவை வீட்டில். முதல் ஒன்பதில் அடி விழவில்லை, நல்ல பெயர்கூடக் கிடைத்தது. பத்தாவதுக்குத்தான் அடி விழுந்தது.

அது யுத்த காலம். எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் இருக்கிறது. சண்டை எங்கேயோ கடல் தாண்டி நடந்தது. எங்களுக்கு அதனால் வந்த பெரிய கஷ்டம் மண்ணெண்ணெய் கிடைக்காததுதான். வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் ஊர்க்காரர்களே வேஷம் கட்டிப் பாட்டு நாடகம் போடுவது வழக்கம். அந்த வருஷம் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. நாடகத்தை நிறுத்தினால் சாமி குற்றம் வரும் என்றார்கள் சிலர். இருட்டில் போட்டால் ராஜா யார், மந்திரி யார் என்று எப்படித் தெரியும் என்றார்கள் வேறு சிலர். கூடிக் கூடிப் பேசி, கடைசியில் பட்டப்பகலிலேயே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

நாடகத்துக்கு முதலாளி, தொழிலாளி எல்லாம் என் மாமாதான். அம்மாவுக்கு ஒரே தம்பி. ராணி வேஷம் எப்போதும் அவருக்குத்தான். வருஷம் முழுக்க எண்ணெய் தடவி முறுக்கி வளர்க்கிற மீசையை நாடகத்துக்கு முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார். இரவு வெளிச்சத்தில் அவரைப் பார்த்து ஆண்களே ஏமாந்ததாகச் சொல்வார்கள். பகலில் அந்தக் கதை நடக்குமா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. அதனால் குரலை நம்பினார்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொய்யே சொல்லாத ஒரு ராஜா நாட்டை இழந்து, பெண்டாட்டி பிள்ளையை விற்றுவிடுகிறார். அடிமையாய்ப் போன பிள்ளை புல் அறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போகிறது. ராணி அதை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். அந்த அழுகைப் பாட்டுக்காகத்தான் கூட்டம் வரும். அந்த வருஷம் மடியில் போட ஒரு பிள்ளை கிடைக்கவில்லை. ஆண்பிள்ளை பெற்றவள் ஒருத்திகூட மகனைப் பிணமாகப் படுக்கவைக்கச் சம்மதிக்கவில்லை. மாமா தெருவுக்குள் நுழைந்தாலே பையன்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். "பொம்பளப் பிள்ளையப் படுக்க வச்சா என்ன கெட்டுப்போச்சு?" என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் நான் இளவரசன் ஆனேன். ஊரில் அத்தனை பையன்கள் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று நான் தெருத்தெருவாகப் பெருமை அடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது மூத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிர்காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டான். அன்றிலிருந்து அம்மா வீட்டுப் படியைத் தாண்டவில்லை. சோறாக்குவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள். ஆனால் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அண்ணன் பெயரை வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. என்னையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏ புள்ள" என்பாள். அதுவே என் பெயர் போல ஆகிவிட்டது.

மாமா வந்து கேட்டபோது அம்மா அடுப்படியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பெற்ற அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒண்ண வாரிக் குடுத்தது பத்தாதா மாப்ள? இதையும் படுக்கப்போட்டு ஒப்பாரி வைக்கணுமா?"

அம்மிச் சத்தம் நின்றது.

"அதுக்கெல்லாம் ஒரு வழக்கம் இருக்கு மச்சான்" என்றார் மாமா. "செத்த வேசம் கட்டுன பிள்ள தானா எந்திரிக்கக் கூடாது. பெத்தவ வந்து பேரச் சொல்லி மூணு தடவ கூப்பிடணும். அப்பந்தான் எந்திரிக்கணும். அப்படிச் செஞ்சா ஒரு தோசமும் அண்டாது."

"இது எந்த ஊரு வழக்கம்?"

"மலைக்கு அங்கிட்டு மலையாளத்து ஆளுக இப்படித்தான் செய்றாக. குமுளியில பாத்தவுக சொன்னாக."

"ஒங்க அக்கா வரலேன்னா?"

"வரலேன்னா பிள்ளைக்கு ஆகாது. அம்புட்டுத்தான்" என்று மாமா அடுப்படிப் பக்கமாக முகத்தைத் திருப்பி, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். பிறகு அம்மிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. மாமா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

சாவது லேசான காரியம் இல்லை. மூச்சை வயிற்றுக்குள்ளேயே விட வேண்டும், நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது, இடது உள்ளங்கை வானத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டும். முதல் இரண்டு ஒத்திகையில் மாமா என்னை மடியில் தூக்கிப் போட்டதும் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டேன். உத்தமபாளையத்திலிருந்து ஆர்மோனியம் வாசிக்க வந்திருந்த ராவுத்தர் பெட்டியை நிறுத்திவிட்டு, "மையத்துக்கு, அதான் பொணத்துக்கு, கூச்சம் கெடையாது தாயி. எறும்பு கடிச்சாலும் அது எறும்போட பாடு" என்றார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். எட்டாவது ஒத்திகையில் நிஜமாகவே கட்டெறும்பு கடித்தது. நான் அசையவில்லை. ராவுத்தர் ஒரு வெல்லத் துண்டு கொடுத்தார்.

நாடகத்தன்று களத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, சேலைகளைக் கட்டித் திரை விட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்த கையோடு கூட்டம் வந்துவிட்டது. பகல் வெளிச்சம் யாரையும் விட்டுவைக்கவில்லை. ராஜாவின் கிரீடம் அட்டை என்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. மாமாவின் அரிதாரம் வேர்வையில் கரைந்து, மீசை எடுத்த இடம் பச்சையாகத் தெரிந்தது. "ராணிக்கு நேத்துத்தான் சவரமா?" என்று ஒருவர் கேட்க, களமே சிரித்தது. பாம்பாக வர வேண்டிய கறுப்புக் கயிறு எதிர்ப்பக்கம் இழுபட்டு மந்திரியின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது. நாடகமே கேலியாகிக்கொண்டிருந்தது, என் முறை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அடிமைப் பையனுக்கு ஜரிகை உடுப்பு எதற்கு என்று மாமா ஒரு சாதாரணக் கட்டம்போட்ட சட்டையை எனக்கு மாட்டிவிட்டார். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து அவரே எடுத்து வந்தது. அண்ணன் சட்டை. எனக்குத் தொளதொள என்று இருந்தது. ஜடையைத் தூக்கிக் கட்டி மேலே துண்டைச் சுற்றினார். விஷம் ஏறினால் உதடு நீலமாகும் என்று சலவை நீலத்தைக் குழைத்து உதட்டில் தடவினார். அப்புறம் சட்டைக் காலரைத் திரும்பத் திரும்ப நீவிவிட்டார். மேடைக்குப் பயப்படுகிற ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் விழுந்தேன். மாமா என்னை மடியில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார். அவரே கட்டிய பாட்டு அது. பாதிக் கஞ்சி கிண்ணத்தில் இருக்க எழுந்து போனாயே, மீதியை யாருக்கு ஊற்றுவேன் என்று வரும். இரண்டு அடி பாடுவதற்குள் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ்மோர்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மறுபடி பாடினார். மறுபடியும் கேட்டார்கள். மூன்றாம் தடவை பாடும்போது என் கன்னத்தில் சூடாகச் சொட்டியது. வேர்வை என்றுதான் நினைத்தேன். உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அது ஈயோட பாடு என்று கிடந்தேன்.

பிறகு ஆர்மோனியம் நின்றது. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அம்மா வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். திரை ஓரத்தில் கொலுசில்லாத கால்கள் வந்து நின்றதை மூடிய இமைக்குக் கீழாகக் கொஞ்சம் பார்த்தேன். இனி மூன்று தடவை. என் பெயர் ஊர் முழுக்கக் கேட்கப் போகிறது.

அம்மா கூப்பிட்டாள். அது என் பெயர் இல்லை.

அண்ணன் பெயர். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பெயர் மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை வாய் தவறியிருக்கும், அடுத்தது சரியாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். இரண்டாவது தடவையும் அவன் பெயர்தான். மூன்றாவது தடவை, வாய்க்கால் கரையில் விளையாடுகிறவனைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி, இழுத்துச் சத்தமாகக் கூப்பிட்டாள். நான் கட்டையாகக் கிடந்தேன். வழக்கம் என்றால் வழக்கம். என் பெயரை அவள் சொல்லாமல் நான் எழுந்து, எனக்கு ஆகாமல் போனால் யார் பொறுப்பு?

மாமா குனிந்தார். "எந்திரி தாயி" என்றார் காதில்.

"என் பேரக் கூப்பிடலையே மாமா" என்றேன், உதடு அசையாமல்.

"ஒன்னையுந்தான் கூப்பிடுது. எந்திரி."

எழுந்து உட்கார்ந்தேன். தலையிலிருந்த துண்டு நழுவி ஜடை தோளில் விழுந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் கலைந்ததை அப்போதுதான் பார்த்தேன். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். ஏழெட்டுப் பெண்கள் கூடவே ஓடினார்கள். கூட்டம் கை தட்டியது எனக்கா அவளுக்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிற்பாடு நான் குச்சனூரில் வாழ்க்கைப்பட்டேன். அந்த ஊர்க் கோயிலுக்கு வருகிறவர்களிடம், நாடகம் ஆடுகிறவர்களிடம், குமுளிக்கு அந்தப் பக்கத்து ஆட்களிடம்கூட அந்த வழக்கத்தைப் பற்றி விசாரித்திருக்கிறேன். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. மாமாவிடம் கேட்டால், "எனக்குச் சொன்னவுக செத்துப்போனாக" என்று மீசையை முறுக்கிக்கொள்வார்.

அன்று வெயில் தாழ நான் வீட்டுக்குப் போனபோது உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டு, அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் யாரும் தேற்றவில்லை. அழட்டும் அழட்டும் என்றார்கள். பிள்ளை பெயரை மாற்றிச் சொல்லி நாடகத்தைக் கெடுத்ததற்காக அழுகிறாள், நன்றாக அழட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். பெண்கள் போன பிறகு, முகம் கழுவாமல், சட்டை மாற்றாமல், வாசல் நடையில் கோபித்துக்கொண்டு படுத்தேன்.

அம்மா வெளியே வந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கூப்பிடுகிறாள் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஊர்முன்னால் மறந்துபோன பெயர் இப்போது ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று வீம்பு பிடித்தது. மூச்சை வயிற்றுக்குள் விட்டேன். இடது உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தேன். நீல உதட்டைக் கொஞ்சம் திறந்துகொண்டேன். அம்மா இரண்டாம் தடவை கூப்பிட்டாள். குரல் பக்கத்தில் வந்திருந்தது. நான் அசையவில்லை. மூன்றாவது தடவை அது கூப்பிட்ட மாதிரியே இல்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அலறல். தோளைப் பிடித்து உலுக்கினாள். கணக்குச் சரியாகிவிட்டது என்று கண்ணைத் திறந்து கலகலவென்று சிரித்தேன்.

பளீரென்று அறைந்தாள். அடுத்த நிமிஷம் என்னை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, என் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றோடு நிறுத்தவில்லை. உச்சந்தலையில் அவள் கண்ணீர் இறங்கியது. எனக்குக் கன்னம் எரிந்தது, அந்தச் சட்டைக்குள் மூச்சு முட்டியது, அவளிடமிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

"அடிச்சது நீதான. நீ ஏம்மா அழுகுற?" என்று கேட்டேன்.