முதற்கவளம்

பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் துப்புரவு செய்வது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. என் மனைவிக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலக்கையின் பிடிமானம் தளர்ந்தபோது, பல்லேகலவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அதனை வாங்கிச் சமையலறைச் சாளரத்தின் கீழ் வைத்தாள். ஞாயிறுதோறும் கீழ்த்தட்டை வெளியே இழுத்து, அடியிலுள்ள வடிகட்டியைத் திருகிக் கழற்றிப் பழைய பல் தூரிகையால் தேய்ப்பேன். நீர் தெளிக்கும் கைகளின் துளைகளில் அடைத்த தேங்காய்த் துருவலை ஊசியால் குத்தி எடுப்பேன். கதவோரத்து இறப்பர் மடிப்பைத் துடைத்தபின், ஒரு கிண்ணம் வினாகிரிக் காடியை வைத்து வெற்றாக ஓடவிடுவேன். வடிகட்டியில் எப்போதும் சோற்றுப்பசை இருக்கும். சோறுண்ணும் வீட்டில் வேறென்ன இருக்கும் என்று கழுவி ஊற்றிவிடுவேன்.

"சாமிக்குக்கூட நீங்க இப்படி அபிஷேகம் செஞ்சதில்லையே அப்பா!" என்பாள் மகள்.

மனைவியின் நினைவும் தடுமாறியிருந்தது. குருதி உறையாதிருக்க மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீட்டினால், "காலையிலேயே போட்டுட்டேன், சும்மா இருங்க" என்று தட்டிவிடுவாள். ஆகவே மாலையுணவின்போது மகள் மாத்திரையைத் தயிர்ச்சோற்றுக்குள் பொதிந்து, முதற்கவளமாக உருட்டித் தாயின் கையில் கொடுப்பாள். பசியில் முதல் உருண்டை ஆராயாமல் இறங்கிவிடும் என்பது அவள் எண்ணம். கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்புவாள். மறுபடி நோக்கும்போது தாயின் கை வெறுமையாக இருக்கும்.

சென்ற மாதம் நோய் இரண்டாம் முறை தாக்கியது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று மருத்துவர் வினவினார்.

"ஒருநாள்கூட விடல டொக்டர். நானேதான் குடுத்தேன்" என்றாள் மகள்.

அவர் தலையசைத்தார். போன கை திரும்பாது என்பதை மட்டும் பின்னர் என்னிடம் சொன்னார்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் சமையலறை முடைநாற்றமடித்தது. நோய் தாக்கிய மாலை முதல் இயந்திரம் ஓடாமல் கிடந்தது. தட்டை வெளியே இழுத்தேன். வடிகட்டிக்கு அப்பால், மூலையில், பூஞ்சணம் பூத்த சோற்றுருண்டை ஒன்று. விரலாற் பிளந்தேன். நடுவில் மாத்திரை முழுதாக இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மணமாகி வந்த நாள்முதல் என் மனைவி காக்கைக்கு வைக்காமல் உண்டதில்லை. முதற்கவளம் முன்னோர்க்குரியது என்று சமையலறைச் சாளரத்தின் விளிம்பில் வைப்பாள். குரங்குகளின் தொல்லை பொறுக்காமல் அச்சாளரத்துக்குக் கம்பிவலை அடித்தோம். வழி அடைபட்டவள், அதன் கீழே பாத்திரம் அடுக்கத் திறந்து கிடந்த இயந்திரத்துக்குள் வைத்திருக்கிறாள். முந்தியவை யாவும் கொதிநீரிற் கரைந்து, நான் ஞாயிறுதோறும் கழுவி ஊற்றிய பசையாகப் போயிருக்கும்.

மகளிடம் சொல்லாதிருக்கவே விரும்பினேன். ஆனால் அன்று மாலை அவள் கட்டிலருகே அமர்ந்து, வழக்கம்போல் மாத்திரை பொதிந்த முதற்கவளத்தை ஊட்ட முயன்றாள். தாய் உதடுகளை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயத் தொறங்கம்மா. இது உள்ள போகலன்னா மறுபடியும் ஒங்கள தூக்கிக்கிட்டு ஓடணும். என்னால ஏலாதும்மா."

"அத வெளிய வச்சிட்டு வா" என்றேன். "மொத உருண்டைய அவ ஒருநாளும் திங்கமாட்டா. அது காக்காவுக்கு."

இயந்திரத்துக்குள் கிடந்ததென்று, எடுத்து வைத்திருந்த உருண்டையைக் காட்டினேன். மகள் அதனுள் இருந்த மாத்திரையைப் பார்த்தாள். பின்னர் எழுந்து, தன் கையிலிருந்த கவளத்திலிருந்து மாத்திரையைப் பிரித்தெடுத்து, சோற்றை மட்டும் முற்றத்து மதில்மேல் வைத்துவிட்டு வந்தாள். கட்டிலில் கிடந்தவளின் கண்கள் அவளைப் பின்தொடர்ந்தன. இரண்டாம் கவளத்துக்குத் தாய் தானாகவே வாயைத் திறந்தாள். மாத்திரை உள்ளே இறங்கியது.

"எத்தன நாளாப்பா இப்படி?"

"இது ஒன்னுதான் கெடச்சிச்சு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தட்டின்மேல் குனிந்து, அடுத்த கவளத்தை உருட்டினாள்.